தேயிலைத் தண்ணீரில் மலை ஏறிய வண்டி

சென்ற மாதம் இந்தப் பத்திரிகையில் இதே பகுதியில் எழுதிய ஓய்வு பெற்ற தோட்ட மேனேஜர் பொய் சொல்லியிருக்கிறார். மறதி என்று சொல்ல மாட்டேன். பொய்.

அவர் பெயர் போடவில்லை. நானும் போடப் போவதில்லை. அவர் எழுதியது இதுதான். பொன்முடிப் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு கூலிப்பெண்ணுக்குப் பிரசவம் சிக்கலாகிவிட்டதாம். தோட்டத்து லாரி ரிப்பேராகிக் கிடந்ததாம். கீழேயிருந்து லேடி டாக்டரை ஏற்றி வந்த ஒரு வாடகைக் கார் மலை வளைவில் ஆவி கக்கி நின்றதைத் தன் பங்களா வராந்தாவிலிருந்து தூரக்கண்ணாடியில் பார்த்தாராம். உடனே கொழுந்து பறிக்கும் பெண்களைத் தண்ணீரோடு அனுப்பினாராம். தாயும் சேயும் பிழைத்தார்களாம். அந்த இரண்டு உயிர்களை நினைத்தால் இன்றும் அவர் கண் கலங்குகிறதாம்.

அந்த வாடகைக் கார் என்னுடையது. ஓட்டியவன் நான். என்ன நடந்தது என்று நான் சொல்கிறேன்.

சுதந்திரம் வந்து மூன்றாவது வருஷம், இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழைக்குக் கொஞ்ச நாள் முந்தி. திருவனந்தபுரத்தில் ரயிலடி ஸ்டாண்டில் வண்டி போட்டிருந்தேன். யுத்தத்துக்கு முந்தின கார். ஆரியசாலையில் ஒரு மிளகாய் வியாபாரியிடம் கைமாற்றி வாங்கியது. பின் சீட்டில் உட்கார்ந்தால் இன்றைக்கும் தும்மல் வரும். ஊருக்குள் ஓட்ட அது போதும். மலைக்கு ஏற்ற வண்டி இல்லை என்பது எனக்குத் தெரியும். நெடுமங்காட்டுக்கு அப்பால் அதை நான் கொண்டு போனதே இல்லை.

காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி ஓர் ஆள் ஆஸ்பத்திரிக்கு ஓடினான். கொஞ்ச நேரத்தில் ஒரு லேடி டாக்டரோடு ஸ்டாண்டுக்கு வந்தான். ராத்திரி முழுக்க மலையிலிருந்து நடந்தே இறங்கி, விதுரையில் முதல் பஸ்ஸைப் பிடித்தவன். கால் இரண்டும் வீங்கியிருந்தது. பெண்டாட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம் வலி கண்டு, பிள்ளை குறுக்கே நின்றுவிட்டதாம். கூலிகளின் வரிசை வீடுகளான லயத்தில் மருத்துவம் பார்க்கும் கிழவி கையை விரித்துவிட்டாள். பிரசவக்காரியை அசைக்க முடியாது, டாக்டர்தான் மேலே போக வேண்டும்.

ஸ்டாண்டில் என் வண்டியைவிட நல்ல வண்டிகள் நின்றன. கொண்டை ஊசி வளைவு என்றதும் எல்லாரும் பானெட்டைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்கள். டாக்டர் கடைசியாக என்னிடம் வந்தார். நாகர்கோவில் பக்கத்துக்காரர். கனத்த உடம்பு, பேச்சில் வெட்டு.

"டிரைவரே, பொன்முடிக்கு மேலே போகணும். வண்டி ஏறுமா?"

"ஏறும்" என்றேன்.

"ஏறும்னு சொல்லுதீரா, ஏத்துவேன்னு சொல்லுதீரா?"

"ஏத்துவேன்."

பையைத் தூக்கிப் பின் சீட்டில் போட்டார். உடனே தும்மினார். கிளம்பினோம்.

வழியில் அந்தப் புருஷனிடம் கேட்டேன். "தோட்டத்துல லாரி இருக்குமே தம்பி. நேத்து ராத்திரியே அதை அனுப்பியிருக்கலாமே?"

"கேட்டேன் அண்ணாச்சி. லாரி ரிப்பேருன்னு துரை சொல்லிட்டாரு. வெள்ளைக்காரத் துரை இல்ல, நம்ம ஊர் மேனேஜர் துரைதான். ரிப்பேருன்னா என்ன செய்ய?"

அவன் அதை நம்பினான். நானும் நம்பினேன்.

நெடுமங்காட்டில் சாயாக்கடை வாசலில் நின்ற ஒருவர் வண்டிக்குப் பின்னால் ரோட்டைக் காட்டிச் சிரித்தார். "சாரே, வண்டி வழிநீளே மூத்திரம் ஒழிக்குவாணல்லோ!" வண்டி வழி நெடுக மூத்திரம் போகிறதாம். இறங்கிப் பார்த்தேன். ரேடியேட்டரின் அடித்தட்டு ஒட்டில் தண்ணீர் கசிந்து கோடு போட்டுக்கொண்டே வந்திருந்தது. துணி சோப்பைக் கையில் பிசைந்து ஒட்டு நெடுக அப்பினேன். எல்லா டிரைவரும் செய்வதுதான். விதுரை தாண்டிக் கல்லாறு வரை அது தாங்கியது. ஆற்றில் இறங்கி ரேடியேட்டரை நிறைத்து, டிக்கியில் ஒரு மண்ணெண்ணெய் டின் நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு ஏற்றம்தான்.

நாலைந்து வளைவு ஏறியிருப்போம். முன்னால் கரகரவென்று ஒரு சத்தம், தகரத்தை ரம்பத்தால் அறுக்கிற மாதிரி. நிறுத்திப் பானெட்டைத் திறந்தேன். காற்றாடியின் அச்சு தேய்ந்து ஆட்டம் கண்டிருந்தது. தட்டையான ரோட்டில் அது தெரியவில்லை. ஏற்றத்தில் எஞ்சின் குலுங்கியதும் இறக்கை போய் ரேடியேட்டரைச் சுரண்டி, சன்னக் குழாய்களில் சிலதைக் கிழித்துவிட்டது. காலையில் கசிந்தது ஒரு கோடு. இப்போது கொட்டியது.

காற்றாடியைக் கழற்றி எடுத்தேன். அதை விட்டால் மிச்சக் குழாய்களும் போய்விடும். கிழிந்தவற்றைக் குறடால் நெருக்கி நசுக்கி, மேலே சோப்பை அடைத்தேன். ஒழுக்கு குறைந்தது, நிற்கவில்லை. டின் தண்ணீரை ஊற்றிக் கிளம்பினேன்.

என் வண்டியில் தண்ணீரைச் சுற்ற விடப் பம்ப் கிடையாது. சூடான தண்ணீர் தானாக மேலே போகும், ஆறியது கீழே வரும். ரேடியேட்டர் நிறைந்திருக்கும் வரைக்கும்தான் அந்த ஓட்டம். மட்டம் இறங்கினால் சுற்று நின்று எஞ்சின் கொதிக்கும். ஃபர்ஸ்ட் கியரில் நடை வேகத்தில் ஏறும்போது காற்றும் முகத்தில் அடிக்காது. காற்றாடியும் இல்லை. டின் தண்ணீர் இரண்டு வளைவுக்குத்தான் வந்தது. மூன்றாவது வளைவில் ஆவி மேலே கிளம்பி ரோட்டை மறைத்துவிட்டது.

லயத்துக்கு இன்னும் மைல் கணக்கில் கிடந்தது. டாக்டர் பையை எடுத்துக்கொண்டு இறங்கி நடக்க ஆரம்பித்தார். பத்தடி போவதற்குள் மூச்சு வாங்கி ஒரு கல்லில் உட்கார்ந்தார். அந்தப் புருஷன் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். ரோட்டை விட்டுத் தேயிலைச் செடிகளுக்குள் புகுந்து நேராக மேலே ஓடினான். வீங்கிய காலோடு.

தண்ணீர் வந்தாலும் அரை மணி காத்திருக்க வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கொதிக்கிற எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் இரும்பு விண்டுவிடும். அப்புறம் வண்டி இல்லை. அந்த அரை மணி மேலே கிடக்கிறவளுக்கு இருக்கிறதா என்பது தெரியாது.

மேலேயிருந்து பேச்சுச் சத்தம் கேட்டது. செடிகளுக்கு நடுவிலிருந்து பெண்கள் இறங்கி வந்தார்கள். ஏழெட்டுப் பேர். முதுகில் கொழுந்துக் கூடை இல்லை. தலையில் சும்மாடு, அதன்மேல் டின்னும் தூக்குவாளியும். முதலில் வந்தவள் பச்சைச் சேலை கட்டியிருந்தாள். அந்தப் புருஷனின் அக்காள் என்று பிறகு தெரிந்தது. டின்னை இறக்கினாள். உள்ளே ஆவி பறக்கக் கறுப்பாக ஏதோ இருந்தது.

"என்னம்மா இது?"

"தேயிலைத் தண்ணி."

கொழுந்து பறிக்கிற இடத்திலேயே அண்டா வைத்துப் பாலில்லாமல் காய்ச்சி, வேலையாட்களுக்கு ஊற்றும் சாயா. ஃபாக்டரியில் சலித்துக் கழித்த கம்பும் நாருமான தூள்தான் அவர்களுக்குக் கிடைக்கும். வடிகட்டவும் மாட்டார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"தண்ணி கேட்டா சாயாவா கொண்டு வாரே? ரேடியேட்டர் என்ன சாயாக்கடையா?"

"ஓடை இன்னும் நாலு வளைவு மேலே கெடக்கு. அது வரைக்கும் ஒம்ம வண்டி சாயா குடிக்காதோ? கருப்பட்டி போடல, பயப்படாதீரும். மூடியத் தொறங்க அண்ணாச்சி, சும்மா வாயத் தொறக்காம."

பின்னால் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். கல்லில் உட்கார்ந்திருந்த டாக்டரும் சிரித்தார். நான் மூடியில் துணியைச் சுற்றித் திறந்தேன். அவள் ஊற்றினாள். தூளும் நாருமாக எல்லாம் உள்ளே போயிற்று. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கொண்டு வந்தது சூடான தண்ணீர். காத்திருக்க வேண்டியதில்லை. இரும்பு விண்டுவிடாது. ஹாண்டிலைப் போட்டுச் சுற்றினேன். எஞ்சின் பிடித்துக்கொண்டது.

டாக்டர் ஏறினார். அந்தப் பெண்களைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு நகர்ந்தேன். அடுத்த வளைவுக்குள் மறுபடி மட்டம் இறங்கும், அங்கே என்ன செய்வது என்று நினைத்துக்கொண்டே திரும்பினேன். அங்கே பெண்கள் நின்றார்கள். தலையில் டின்னோடு.

ஊற்றினார்கள். போனேன். அதற்கு அடுத்த வளைவிலும் நின்றார்கள்.

"ரெண்டு மூணு கூட்டமாப் பிரிஞ்சு நிக்கிறாளுவளோ?" என்றார் டாக்டர்.

"இல்ல டாக்டர். அந்தப் பச்சைச் சேலையைப் பாருங்க. அதே ஆளுங்கதான்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். அவளேதான்.

என்னால் அதை இன்றைக்கும் சரியாகச் சொல்ல முடியவில்லை. ரோடு மலையைச் சுற்றிச் சுற்றி ஏறியது. நான் ஒரு வளைவிலிருந்து மறு வளைவுக்குப் போவதற்குள், அவர்கள் செடிகளுக்கு நடுவே நெட்டுக்குத்தாக ஏறி எனக்கு முன்னால் போய் நின்றார்கள். வெறுங்கால். தலையில் சூடான டின். ஒரு கை டின்னில், ஒரு கை செடியில். கெண்டைக்காலில் அட்டை கடித்து ரத்தம் வழிந்தது. குனிந்து தட்டிவிடக் கை இல்லை, அதனால் தட்டிவிடவில்லை. எத்தனையோ குதிரைசக்தி என்று எழுதி வைத்த எஞ்சின் உறுமிக்கொண்டு பின்னால் வந்தது. அவர்கள் முன்னால் போனார்கள். நான் வண்டி ஓட்ட ஆரம்பித்த நாளிலிருந்து இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

ஒரு வளைவில், கூலிகளை வேலை வாங்கும் கங்காணி வந்து குறுக்கே நின்றார். குடை, கம்பு, காலில் பூட்ஸ்.

"யாரைக் கேட்டுக் கொழுந்துக் காட்டை விட்டு எறங்குனீங்க? துரை பங்களாவுல இருந்து பாத்துட்டு சத்தம் போடுறாரு. கூடையை எடுங்கட்டி!"

மேனேஜர் பார்த்தது உண்மைதான். அது ஒன்றை அவர் சரியாக எழுதியிருக்கிறார். பார்த்துவிட்டு அவர் அனுப்பியது இந்தக் கங்காணியை.

பச்சைச் சேலைக்காரி டின்னைக் கீழே வைக்கவில்லை. "கொழுந்து நாளைக்கும் மொளைக்கும் கங்காணி. அவ நாளைக்கு இருப்பாளான்னு துரைகிட்டக் கேட்டுட்டு வாரும். நாங்க அது வரைக்கும் தண்ணி ஊத்துதோம்."

கங்காணி என் வண்டியைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார். பிறகு குடையை மடக்கிக்கொண்டு ஓரமாக ஒதுங்கினார். அவர் வீட்டிலும் பெண்கள் இருந்திருப்பார்கள்.

ஓடையைத் தாண்டியதும் தேயிலைத் தண்ணீர் தீர்ந்து, ஓடைத் தண்ணீரைச் சூடு மிச்சமிருந்த டின்களில் கலந்து கொண்டு வந்தார்கள். ஒரு வளைவில் மற்ற எல்லாரும் நிற்க, பச்சைச் சேலையை மட்டும் காணவில்லை. கொஞ்சம் பொறுத்து வந்தாள். முழங்காலில் சேலை கிழிந்து ரத்தம். டின்னில் பாதிதான் இருந்தது.

"சறுக்கிட்டு. பாதி கொட்டிப் போச்சு. இத ஊத்துங்க அண்ணாச்சி, மீதிய அடுத்த வளைவுல தாரேன்."

சொன்னபடி தந்தாள்.

இன்னொன்றும் நடந்தது. வளைவுக்கு வளைவு நான் கீழே குனிந்து பார்த்தேன். கொட்டிக்கொண்டிருந்த தண்ணீர் ஒழுகலாகி, ஒழுகல் சொட்டாகி, கடைசியில் சொட்டும் விட்டு விட்டு வந்தது. கிழிசலில் தேயிலை நார் போய் ஊறிப் பருத்து அடைத்துக்கொண்டது. என் சோப்பு செய்ய முடியாததை அந்தக் கழிவுத் தூள் செய்தது. அவர்களுக்கும் அது தெரியாது. எனக்கும் தெரியாது. யாரும் யோசித்துச் செய்ததில்லை. இருந்ததைக் கொண்டு வந்து ஊற்றினார்கள், அவ்வளவுதான். நான் வாயை மூடிக்கொண்டு ஓட்டினேன்.

மேலே போய்ச் சேர்ந்தோம். டாக்டர் லயத்துக்குள் போனார். பெண்கள் வாசலில் உட்கார்ந்தார்கள். நான் வண்டியை ஃபாக்டரி முற்றத்தில் நிறுத்தினேன். ஷெட்டில் லாரி நின்றது. கழுவித் துடைத்து, பாதி அளவுக்குத் தேயிலைப் பெட்டி ஏற்றி.

மேனேஜர் வந்தார். மடிப்புக் கலையாத சட்டை. நோயாளி எப்படி என்று கேட்கவில்லை. "யாருடா வண்டியைக் குறுக்கே விட்டது? பெட்டி ஏத்தணும். லாரியை முன்னால எடு" என்று லாரி டிரைவரிடம் கத்தினார். லாரி டிரைவர் என் முகத்தைப் பார்க்காமல் ஹாண்டிலைப் போட்டான். ஒரே சுற்று. எஞ்சின் பிடித்தது. காற்றாடி சுழன்ற காற்று என் முகத்தில் அடித்தது. நல்ல காற்றாடி. ரேடியேட்டரில் ஒரு சொட்டு ஒழுக்கு இல்லை.

அந்தப் புருஷன் என் பக்கத்தில்தான் நின்றான். அந்தச் சத்தத்தைக் கேட்டான். லாரியைப் பார்த்தான். திரும்பி லயத்துக்கு நடந்தான். அந்த நடை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

பொழுது சாய்கிற நேரத்தில் டாக்டர் வெளியே வந்து கை கழுவினார். நான் தண்ணீர் ஊற்றினேன்.

"தாய் பிழைச்சுக்கிடுவா" என்றார். "பிள்ளை இல்லை. ஆம்பிளப் பிள்ளை. நான் தொடும்போது போயிருந்தது." கையை உதறினார். "நேத்து ராத்திரியே என்னைக் கூட்டிட்டு வந்திருந்தா ரெண்டும் பிழைச்சிருக்கும் டிரைவரே. இன்னும் ஒரு மணி நேரம் தாமசிச்சிருந்தா ரெண்டும் போயிருக்கும்."

மறுநாள் காலையில் கிளம்பும்போது பச்சைச் சேலைக்காரி ரேடியேட்டரை நிறைத்துத் தந்தாள். கண் வீங்கியிருந்தது. அந்தப் பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்திருந்தாள். அப்போது அவள் என்னிடம் கேட்டது இதுதான்: "தேயிலைத் தண்ணி ஊத்துனதுல வண்டிக்கு ஏதும் கேடு வந்துருமா அண்ணாச்சி? ஒங்க பொழப்பாச்சே."

இல்லையென்று தலையை ஆட்டினேன்.

ஆரியசாலையில் பட்டறையில் விட்டபோது, அடிக்குழாயைத் திறந்ததும் பாலில்லாத கட்டன்சாயா நிறத்தில் தண்ணீர் ஓடியது. பட்டறைக்காரர் முகர்ந்து பார்த்து, "அண்ணே, ஒரு கிளாஸ் பிடிக்கட்டுமா?" என்று கேலி செய்தார். ஈயம் வைப்பதற்கு முன்னால் கிழிசலில் அடைத்திருந்த நாரைக் கம்பி விட்டுக் குடைந்து எடுக்க வேண்டியிருந்தது. கல் மாதிரி பிடித்துவிட்டது என்றார். நடந்ததைச் சொன்னேன். அதற்கப்புறம் அவர் கேலி செய்யவில்லை. காற்றாடிக்குப் புது அச்சு போட்டுக் கொடுத்தார்.

கொஞ்ச நாள் கழித்து அந்தப் புருஷன் டவுனுக்கு வந்தபோது ஸ்டாண்டில் என்னைப் பார்த்தான். தண்ணீர் சுமந்த பெண்கள் எல்லாருக்கும் அன்று அரைநாள் ஆப்சென்ட் போட்டுவிட்டார்களாம். மேனேஜர் உத்தரவாம். அவரே அனுப்பியிருந்தால் அவரே ஏன் ஆப்சென்ட் போட வேண்டும்?

இன்றும் தினம் காலையில் கரமனை ஆற்றில் வாளியை முக்கி ரேடியேட்டரை நிறைக்கும்போது, எனக்கு முன்னால் ஒரு வளைவு தெரிகிறது. அங்கே தலையில் டின்னோடு அவர்கள் நிற்கிறார்கள். நான் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்த என் தொழில், என் வண்டி, எல்லாம் அந்தப் பெண்களின் கால்களுக்குப் பின்னால்தான் ஏறி வந்தது. அதை நான் மறக்க மாட்டேன். வேறு ஒருவர் தன் பெயரில் எடுத்துக்கொள்ளவும் விட மாட்டேன்.

மேனேஜர் அவர்களே, இந்தப் பத்திரிகையை நீங்கள் படிப்பீர்கள் என்று தெரியும். இதே பக்கத்தில், எல்லாரும் படிக்கும்படி, பெயர் போட்டுப் பதில் எழுதுங்கள். அன்றைக்கு உங்கள் லாரிக்கு என்ன ரிப்பேர்? நீங்கள் காப்பாற்றியதாக எழுதிய அந்த இரண்டாவது உயிர் இப்போது எங்கே இருக்கிறது?